"கேட்டலிஸ்ட் செத்துப்போச்சு அக்கா": டெம்போ ஆக்சிஜனேற்றம் மக்கர் செய்தால் எங்கே தேடுவது

கத்திரி வெயில் தொடங்கினால் எங்கள் ஆய்வகத்தில் இந்த வசனமும் தொடங்கிவிடும். சொல்கிற பிள்ளையின் கையில் ஒரு டி.எல்.சி. தகடு (கலவையில் என்னென்ன இருக்கிறது என்று புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் தகடு) இருக்கும். யு.வி. விளக்கின் கீழே வைத்தால் பென்சைல் ஆல்கஹாலின் புள்ளி அப்படியே உட்கார்ந்திருக்கும், பென்சால்டிஹைடு மருந்துக்குக்கூட இருக்காது. "அக்கா, கேட்டலிஸ்ட் செத்துப்போச்சு. புதுசா ஆர்டர் போடலாமா?"

போட வேண்டாம். அது விலை கூடிய பொருள், பெரும்பாலும் குற்றமும் அதன் மேல் இல்லை.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆல்கஹாலை ஆல்டிஹைடாகவோ கீட்டோனாகவோ மாற்ற, முன்பெல்லாம் குரோமியத்தைக் கிராம் கணக்கில் கொட்டி, பச்சைச் சேற்றைக் கழிவுக் கேனில் சேர்ப்போம். அதற்கு மாற்றாக உலோகமே இல்லாத ஒரு வினையூக்கி, அதாவது கேட்டலிஸ்ட், இருக்கிறது. பெயர் டெம்போ. (சரக்கு வண்டி இல்லை. ஒருமுறை எங்கள் கணக்குப் பிரிவில் "ஐந்து கிராம் டெம்போ" என்ற பில்லைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.) 1960-இல் முதன்முதலில் தயாரிக்கப்பட்ட நிலையான நைட்ராக்சில் ரேடிக்கல் (ஜோடி சேராத எலக்ட்ரான் உள்ள மூலக்கூறு) இது. 1987-இல் இத்தாலியில் அனெல்லி, மொந்தனாரி குழுவினர் பிளீச் (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்), கொஞ்சம் புரோமைடு, பைகார்பனேட் ஆகியவற்றோடு இந்த வகை ரேடிக்கலைச் சேர்த்து ஓட்டிக் காட்டிய முறைதான் இன்றும் எல்லோருக்கும் அடிப்படை. பிளீச் கடைசியில் உப்புத் தண்ணீராகிவிடும். டெம்போவைச் சிலிக்கா மணிகளில் வேதிப்பிணைப்பால் கட்டிவைத்தால், வடிகட்டி எடுத்துத் திரும்பவும் போடலாம்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். டெம்போ தானாக ஆல்கஹாலைத் தொடாது. பிளீச் அதை ஆக்சோஅம்மோனியம் அயனியாக உயர்த்த வேண்டும். அந்த அயனிதான் ஆல்கஹாலிடமிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கி ஹைட்ராக்சிலமைனாக இறங்கும். பிளீச் அதை மறுபடி ஏற்றிவிடும். வண்டி நின்றுவிட்டால் எஞ்சினைக் கழற்றும் முன் டீசல் இருக்கிறதா என்று பார்ப்போமே, அதே கதைதான்.

கீழே சொல்கிற எண்கள் எல்லாம் எங்கள் வழக்கமான அளவுக்கு: பென்சைல் ஆல்கஹால் 10 மில்லிமோல் (1.08 கிராம்), எத்தில் அசிடேட் 20 மி.லி., பொட்டாசியம் புரோமைடு 1 மில்லிமோல் (சுமார் 0.12 கிராம்), பிளீச் 12.5 மில்லிமோல். சிலிக்கா டெம்போவின் ஏற்றம் (மணிகளில் கட்டியிருக்கும் டெம்போவின் அளவு) கிராமுக்கு 0.8 மில்லிமோல் என்றால் கால் கிராம் போதும், அது ஆல்கஹாலின் மோல் கணக்கில் 2 சதவீதம். ஐஸ் பாத், 0 முதல் 5 டிகிரி.

"ஒன்றுமே நடக்கலை" / "முக்கால்வாசியில் நின்னுடுச்சு"

இரண்டும் ஒரே நோயின் இரண்டு நிலைகள். பிளீச்சில் சத்து இல்லை.

டப்பா மேல் 5 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். அது நிரப்பிய நாளின் கணக்கு. சோடியம் ஹைப்போகுளோரைட் சும்மா இருந்தாலே குளோரைடாகவும் குளோரேட்டாகவும் பிரிந்துகொண்டிருக்கும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் அந்த வேகம் ஏறக்குறைய மூன்று மடங்காகும். பாரிமுனைக் கடையின் வாசலில் வெயிலில் நின்ற கேன், ஆட்டோவில் கிண்டி வரைக்கும் வந்து, ஏ.சி. இல்லாத ஸ்டோர் ரூமில் மே மாதம் முழுக்கக் கிடந்தால் அதில் என்ன மிஞ்சும்?

5 சதவீத பிளீச் என்றால் ஏறக்குறைய 0.67 மோலார். நமக்கு வேண்டிய 12.5 மில்லிமோலுக்கு 18.6 மி.லி. ஊற்றுவோம். அது இறங்கி இறங்கி 3 சதவீதமாகியிருந்தால் 0.40 மோலார்தான். அதே 18.6 மி.லி.யில் இருப்பது 7.5 மில்லிமோல். பத்து மில்லிமோல் ஆல்கஹாலில் 75 சதவீதம் மாறும், பிறகு இரவு முழுக்கக் கலக்கினாலும் அசையாது. இப்படி ஓர் எண்ணில் முட்டி நின்றால், அதுவும் மறுநாள் அதே கேனில் அதே எண்ணிலேயே நின்றால், வினையூக்கியை மறந்துவிட்டு பிளீச்சைப் பாருங்கள். வினையூக்கி மட்டும் பலவீனமாக இருந்தால் வேகம் குறையும், ஆனால் ஊர்ந்து ஊர்ந்தாவது முன்னேறிக்கொண்டிருக்கும்.

உறுதிசெய்யப் பத்து நிமிடம் போதும், பிளஸ் டூ டைட்ரேஷன்தான். பிளீச் 1 மி.லி. பிப்பெட்டில் எடுத்து 50 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் விடுங்கள். பொட்டாசியம் அயோடைடு ஒரு கிராம், அது கரைந்த பிறகு அசிட்டிக் அமிலம் 5 மி.லி. பழுப்பாக அயோடின் எழும். 0.1 மோலார் தயோசல்பேட்டால் இறக்குங்கள். வைக்கோல் நிறம் வந்த பிறகுதான் ஸ்டார்ச். நீலம் மறையும் இடத்தில் 13.4 மி.லி. வந்தால் பிளீச் சொன்ன சொல் காப்பாற்றுகிறது. 8 மி.லி.யிலேயே மறைந்தால் அது அந்த 3 சதவீதக்காரர். கேனைத் தூக்கி எறிய வேண்டாம், கணக்குப் போட்டு 31 மி.லி. ஊற்றுங்கள். ஒவ்வொரு கேனிலும் டைட்ரேஷன் தேதியை மார்க்கரில் எழுதிவைப்பது எங்கள் வழக்கம். மே, ஜூனில் வாரம் ஒருமுறை, மார்கழியில் மாதம் ஒருமுறை. கேன் ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும், ஆனால் ஆசிட் பாட்டிலுக்குப் பக்கத்தில் கூடாது.

இங்கே ஒரு கிளைக்கதை. 'ஹைப்போ' என்று லேபிள் ஒட்டிய பாட்டிலை எடுத்து ஒரு பையன் மூன்று நாள் ரியாக்ஷன் போட்டான். துளி மாற்றம் இல்லை. துப்புரவுப் பணியில் இருப்பவர்களுக்கு ஹைப்போ என்றால் சோடியம் ஹைப்போகுளோரைட். வேதியியல் படித்த பழைய ஆட்களுக்கு ஹைப்போ என்றால் சோடியம் தயோசல்பேட். ஒன்று ஆக்சிஜனேற்றி, மற்றது அதைக் கொல்லும் மருந்து! அந்த பாட்டில் இரண்டாவது வகை. அன்றிலிருந்து எங்கள் அலமாரியில் 'ஹைப்போ' என்ற சொல்லுக்கே தடை.

இன்னொன்று, தண்ணீர். நகரத்தின் பல பகுதிகளில் போர்வெல் தண்ணீரைப் பிடித்து வைத்தால் மறுநாள் வாளியின் அடியில் செம்மண் நிறத்தில் படியும். அது இரும்பு. இரும்பு, செம்பு, நிக்கல் எல்லாம் துளி அளவில் இருந்தாலே ஹைப்போகுளோரைட்டைச் சிதைக்கும். கேன் பிளீச்சை 'கொஞ்சம் நீர்த்துக்கலாம்' என்று குழாயில் பிடித்தால் சத்து சீக்கிரமே போச்சு. துருப்பிடித்த ஸ்பேட்டுலாவும் அப்படித்தான். பிளீச்சில் சின்னச் சின்னக் குமிழிகள் தொடர்ந்து வந்தால், அது உங்கள் ஆக்சிஜனேற்றி ஆக்சிஜனாகப் பறந்துபோகிறது என்று அர்த்தம்.

"ஓடுது, ஆனா ஆமை வேகம்"

பிளீச் டைட்ரேஷனில் தேறிவிட்டது, ஆனால் வழக்கமாக அரை மணியில் முடிவது நாலு மணி நேரம் இழுக்கிறது. இப்போது பி.எச். பாருங்கள்.

கெட்டுப்போகாமல் இருக்க பிளீச்சில் காஸ்டிக் சோடா மிச்சம் வைத்திருப்பார்கள், பி.எச். 12-க்கு மேல் நிற்கும். அந்தக் காரத்தில் ஹைப்போகுளோரஸ் அமிலம் கிட்டத்தட்ட இருக்காது, எல்லாம் ஹைப்போகுளோரைட் அயனியாகவே இருக்கும் (அந்த அமிலத்தின் பி.கே.ஏ., அதாவது பாதி அமிலமாகவும் பாதி அயனியாகவும் இருக்கும் பி.எச்., சுமார் 7.5). புரோமைடை ஆக்சிஜனேற்றி டெம்போவைத் தூண்டிவிட அந்த அமில வடிவம் கொஞ்சமாவது வேண்டும். அதனால்தான் பைகார்பனேட். 20 மி.லி. பிளீச்சுக்கு ஒரு கிராம் போட்டுத் தொடங்கி, பி.எச். 9-க்கும் 9.5-க்கும் நடுவே கொண்டுவாருங்கள். அதுவும் ஊற்றுவதற்குச் சற்று முன்பு. பி.எச். இறக்கிய பிளீச் சீக்கிரம் கெடும், முந்தின நாளே தயாரித்து வைக்காதீர்கள்.

பி.எச். தாளை நம்பி ஏமாறாதவர் இல்லை. பிளீச் தாளின் சாயத்தையே வெளுத்துவிடும். நனைத்த நொடியில் தெரியும் நிறம்தான் உண்மை, நிமிர்ந்து பார்க்கும்போது அது வெள்ளைத்தாள். மீட்டர் இருந்தால் மீட்டர்.

சீக்கிரம் இறக்குகிறேன் என்று ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம். குளோரின் வாயு கிளம்பும். இதில் விளையாட்டு கிடையாது.

காரம் கூடினால் இன்னொரு சேதமும் உண்டு, அது உடனே தெரியாது. பி.எச். 10-ஐத் தாண்டினால் சிலிக்காவே மெல்லக் கரையும். இன்று ரியாக்ஷன் மந்தமாக இருந்ததற்கும், மூன்றாம் சுற்றில் வினையூக்கியின் எடை குறைந்ததற்கும் காரணம் ஒரே அலட்சியமாக இருக்கலாம்.

பி.எச். சரியாக இருந்தும் மந்தம் என்றால் கலக்கலைப் பாருங்கள். எண்ணெய் அடுக்கு, நீர் அடுக்கு, திட மணி என மூன்றும் சந்தித்தாக வேண்டும். மேலே எத்தில் அசிடேட் கண்ணாடி மாதிரி அசையாமல் நிற்க, அடியில் காந்தம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் அது கலக்கல் இல்லை. பாலிஸ்டைரின் பிசினில் கட்டிய டெம்போ என்றால் கரைப்பானும் முக்கியம். பிசின் டொலுயீனில் நன்றாக உப்பும், தண்ணீரிலும் மெத்தனாலிலும் சுருங்கி வாயை மூடிக்கொள்ளும். சிலிக்காவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. இங்கே நான் சிலிக்கா கட்சி.

"கரன்ட் போய் வந்ததும் தெர்மாமீட்டர் எகிறிடுச்சு"

இது அறிகுறி மட்டும் இல்லை, ஆபத்து. சொட்டுப் புனலிலிருந்து பிளீச் இறங்கிக்கொண்டிருக்கிறது. கரன்ட் போகிறது. ஸ்டிர்ரர் நிற்கிறது, ஆனால் புவியீர்ப்புக்கு மின்வெட்டு கிடையாது, சொட்டு விழுந்துகொண்டே இருக்கும். கலக்காததால் நீர் அடுக்கில் பிளீச் சேர்ந்து நிற்கும். இருபது நிமிடம் கழித்துக் கரன்ட் வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் வினைபுரியும். எங்களிடம் ஒருமுறை 4 டிகிரியில் இருந்தது பார்த்துக்கொண்டிருக்கும்போதே 30-ஐத் தாண்டியது. எங்கள் அளவு சிறியது, பிழைத்தோம். அளவு பெரிதாக இருந்தால் எத்தில் அசிடேட் கொதித்து வெளியே வந்திருக்கும்.

விளக்கு அணைந்தால் கை முதலில் புனலின் குழாய்க்குப் போக வேண்டும், செல்போன் டார்ச்சுக்கு அல்ல. ஸ்டிர்ரரின் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். கரன்ட் வந்ததும் புது ஐஸ் வைத்து, மெதுவாகக் கலக்கத் தொடங்கி, வெப்பநிலை அடங்கிய பிறகே குழாயைத் திறக்க வேண்டும்.

மின்வெட்டு இல்லாத நாளிலும் 15 டிகிரிக்கு மேல் விடாதீர்கள். சூட்டில் பிளீச்சும் சிதையும், ஆக்சோஅம்மோனியமும் சிதையும். இரண்டாவதுதான் வினையூக்கியின் நிஜமான மரணம். மே மாதத்தில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீர் டீ போடலாம் என்கிற சூட்டில் இருக்கும், 'ஓடும் தண்ணீரில் குளிரவைக்கவும்' என்று எழுதிய செய்முறையெல்லாம் வேறு ஊருக்கானது. பார் ஐஸ் வாங்கிச் சாக்குப்பையில் உடைத்து, கல்லுப்பு தூவி, தெர்மோகோல் பெட்டியில் வையுங்கள். மீன் வியாபாரிகள் நம்மைவிட நன்றாகவே இந்தக் கலையை அறிந்தவர்கள்.

"ஆல்டிஹைடு வரலை, எடையும் குறையுது"

பிளாஸ்கைத் திறந்தால் பாதாம் எசன்ஸ் வாசனை வர வேண்டும். வாசனை மங்கலாக இருந்து, டி.எல்.சி.யில் அடியிலிருந்து ஒரு வால் இழுத்தால், ஆல்டிஹைடு தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரேட்டாகி அமிலம் வரை போய்விட்டது. சரிபார்க்க, மிச்சமிருக்கும் பிளீச்சைத் தயோசல்பேட்டால் முழுவதும் கொன்றுவிட்டு, அதன் பிறகு நீர் அடுக்கில் கொஞ்சம் எடுத்து ஃபியூம் ஹூடில் வைத்து அமிலமாக்குங்கள். (தயோசல்பேட் மிஞ்சியிருந்தால் கந்தகம் வெண்மஞ்சளாகக் கலங்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.) வெள்ளைப் படிகம் விழுந்து, கழுவிக் காயவைத்தால் 122 டிகிரியில் உருகினால், அது பென்சாயிக் அமிலம்.

காரணங்கள் தெரிந்தவைதான். பிளீச் கணக்குக்கு மேல் போனது, நேரம் கூடியது, வெப்பம் கூடியது. பயந்துபோய் 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டு மடங்கு பிளீச் ஊற்றுகிறவர்கள் இங்கேதான் வந்து நிற்பார்கள். குவாட்டர்னரி அம்மோனியம் உப்பு சேர்த்தாலும் அமிலம் வரை போகும், அமிலம்தான் வேண்டும் என்பவர்கள் வேண்டுமென்றே அதைச் சேர்ப்பதுண்டு. அரை மணியில் ஆல்கஹால் தீர்ந்ததும் தயோசல்பேட் ஊற்றி நிறுத்திவிடுங்கள், சாப்பாட்டு நேரத்தைத் தாண்டவிடாதீர்கள்.

"தெரியாத புள்ளி ஒண்ணு நிக்குது"

மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் மூலக்கூறு எடை 34 கூடுதலாகத் தெரிந்தால் ஹைட்ரஜன் போய் குளோரின் ஏறியிருக்கிறது. மெத்தாக்சி மாதிரி எலக்ட்ரான் வளமான வளையங்கள், இரட்டைப் பிணைப்புகள் எல்லாம் பிளீச்சையும் புரோமைடையும் கண்டால் சும்மா இருக்காது. சல்பைடு சல்பாக்சைடாகும். அமீன் இருந்தால் குளோரமீன். அத்தகைய மூலக்கூறுகளுக்கு இந்த முறையே பொருந்தாது, புரோமைடைக் குறைத்துப் பார்க்கலாம், அதற்கு மேல் மல்லுக்கட்ட வேண்டாம்.

மெந்தால் போன்ற நெருக்கடியான இரண்டாம் நிலை ஆல்கஹால்கள் மந்தமாக இருப்பதும் பிழை இல்லை. டெம்போவைச் சுற்றி நான்கு மெத்தில் குழுக்கள் காவல் நிற்கின்றன. காவல் குறைந்த அசாடோ என்ற உறவினரை 2006-இல் ஜப்பானியர்கள் அறிமுகப்படுத்தியது இதற்காகத்தான்.

"மேல் அடுக்கு ஆரஞ்சு கலரா இருக்கு"

இரண்டு பேரில் ஒருவர். புரோமின், அல்லது கழன்று வந்த டெம்போ. மேல் அடுக்கில் 1 மி.லி. எடுத்து, தயோசல்பேட் கரைசலோடு குலுக்குங்கள். வெளுத்தால் புரோமின், கவலை இல்லை. நிறம் அப்படியே நின்றால், வைட்டமின் சி கரைசலோடு குலுக்குங்கள். இப்போது வெளுத்தால் அது டெம்போவாக இருக்கவே வாய்ப்பு, அஸ்கார்பிக் அமிலம் அதை ஹைட்ராக்சிலமைனாக இறக்கிவிடும். ரேடிக்கல்களைக் கண்டறியும் இ.பி.ஆர். கருவிக்கு நேரம் கிடைத்தால் மூன்று கோடுகள் தெரிகின்றனவா என்று பார்த்துவிடலாம், ஆனால் அந்த வரிசையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எங்கே கழன்றது என்பது கட்டிய கயிற்றை, அதாவது டெம்போவையும் சிலிக்காவையும் இணைக்கும் சங்கிலியை, பொறுத்தது. ஆக்சோ டெம்போவை அமினோபுரோப்பில் சிலிக்காவில் ரிடக்டிவ் அமினேஷனால் (கீட்டோனை அமீனோடு இணைக்கும் வினையால்) கட்டுவது எளிது, நாமே செய்துகொள்ளலாம். ஆனால் அந்தக் கயிற்றின் நடுவில் இரண்டாம் நிலை அமீன் நிற்கிறது. பிளீச் அதையும் குளோரினேற்றும், சுற்றுக்குச் சுற்று கயிறு நையும். ஈதர் அல்லது அமைடு இணைப்பு இன்னும் தாங்கும். விலைப்பட்டியலில் 'மறுபயன்பாடு' என்று போட்டிருப்பதை வாசிக்கும் முன் இணைப்பு என்னவென்று வாசியுங்கள்.

"ஒவ்வொரு தடவையும் பவுடர் குறையுது"

காந்தக் குச்சி அம்மிக்கல் மாதிரி மணிகளை அரைக்கிறது. நுண்தூள் வடிதாளைத் தாண்டிப் போகிறது. மேலிருந்து கலக்கும் ஸ்டிர்ரர் அல்லது ஷேக்கருக்கு மாறுங்கள். கால் கிராமை ஒவ்வொரு முறையும் தாளிலிருந்து சுரண்டி எடுப்பதைவிட, சின்டர்டு கண்ணாடிப் புனலிலேயே வைத்துக் கழுவி அதிலேயே உலர்த்துவது மேல்.

கழுவும் வரிசை முக்கியம். முதலில் தண்ணீர், துளைகளில் அடைத்திருக்கும் உப்பு போக. ஸ்டார்ச் அயோடைடு தாள் நீலமாவது நிற்கும்வரை தண்ணீரே. அதற்குப் பிறகுதான் அசிட்டோன். பிளீச் மிச்சம் இருக்கும்போது அசிட்டோன் ஊற்றினால் குளோரோஃபார்ம் உண்டாகி, சூடும் ஏறும். பிறகு வெற்றிடத்தில், 50 டிகிரிக்குள் உலர்த்துங்கள். 110 டிகிரி ஓவனில் கண்ணாடிச் சாமான்களோடு வைத்துவிட்டு வீட்டுக்குப் போன கதையும் எங்களிடம் உண்டு.

"அஞ்சாவது சுற்றுல சரிவு" / "பத்து சுற்றும் 99 சதவீதம்!"

முதலாவது சொல்கிறவரை நம்புவேன். இரண்டாவது சொல்கிறவரிடம் நோட்டுப் புத்தகத்தைக் கேட்பேன்.

பத்து நிமிடத்தில் முடிகிற ரியாக்ஷனை ஒவ்வொரு சுற்றும் ஒரு மணி நேரம் ஓட்டினால், வினையூக்கியில் ஐந்தில் நான்கு பங்கு செத்த பிறகும் ஐம்பது நிமிடத்தில் முடிந்துவிடும். ஜி.சி. (வாயு நிறப்பிரிகைக் கருவி) அப்போதும் 99 என்றே காட்டும். மறுபயன்பாட்டைச் சோதிக்க வேண்டுமானால் பாதி வழியில், மூன்றாவது நிமிடத்திலோ நான்காவதிலோ, மாதிரி எடுத்து எல்லாச் சுற்றுகளிலும் அந்த எண்ணை ஒப்பிடுங்கள். அங்கே சரிவு ஒளிய முடியாது.

அதோடு இரண்டு சோதனைகள். பாதி வினையில் குளிராகவே வடிகட்டி, மணி இல்லாத வடிநீரைத் தொடர்ந்து கலக்குங்கள், அது தொடர்ந்து வினைபுரிந்தால் கழன்ற டெம்போதான் வேலை செய்கிறது. அடுத்தது, வினையூக்கியே போடாமல் ஒரு வெற்றுச் சோதனை. பிளீச்சும் புரோமைடும் தனியாகவே கொஞ்சம் ஆல்கஹாலை மாற்றும், அந்தக் கொஞ்சத்தைக் கழிக்காமல் பெருமை பேசக் கூடாது. கிராஃபீன் ஆக்சைடு போன்ற கரிம வினையூக்கிகளோடு வேலை செய்பவர்கள் கூடுதலாக மாங்கனீசையும் அளந்துவிடுங்கள். அதைத் தயாரிக்கும்போதே பெர்மாங்கனேட் சேர்ந்திருக்கிறது, நன்றாகக் கழுவாவிட்டால் 'உலோகமற்ற' என்ற சொல் பொய்யாகும். பழைய ஸ்டிர் பாரின் கீறல்களிலும் முந்தைய ஆள் விட்டுப்போன பல்லேடியம் ஒளிந்திருக்கும்.

இத்தனையும் பார்த்த பிறகும், டைட்ரேஷன் சரி, பி.எச். சரி, ஐஸ் சரி, புதிதாக வாங்கிய வினையூக்கி அதே பிளீச்சில் அரை மணியில் முடிக்கிறது, பழையது மட்டும் அசையவில்லை, பீச் நிறத்தில் இருந்த தூளும் சாக்பீஸ் மாதிரி வெளுத்துவிட்டது என்றால், சரி, செத்துத்தான் போயிருக்கிறது. ஆர்டர் படிவத்தைக் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன், சிங்க் பக்கம் வைத்திருக்கிற அந்தக் கழிவு பீக்கரில் மிச்ச பிளீச்சுக்குத் தயோசல்பேட் ஊற்றியாயிற்றா?